ஐந்தாவது கட்டை

நான்கு கட்டைகளில் குமிழ் நின்றுவிட்டது. ஐந்தாவதில் நிற்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்ட பம்பு. ஒன்பது, மிஞ்சிப்போனால் பத்து மணிக்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது பதினொன்றரை ஆகிறது. பட்டறை மேசைமேல் வாளி அகலத்துக்கு ஒரு எவர்சில்வர் பானை. அதன் வாயை மூடி, ரப்பர் வளையத்தின்மேல் அழுந்தி உட்கார்ந்திருந்தது இரண்டு விரல் கனத்தில் ஒரு கண்ணாடி மூடி. உண்மையில் அது பிளாஸ்டிக்தான், ஆனால் வீட்டில் எல்லோரும் கண்ணாடி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். குனிந்து பார்த்தால் உள்ளே தண்ணீர்போலத் தெளிந்த ரெசின் பிசினுக்கு அடியில் கத்திப்பிடி அளவில் ஐந்து மரக்கட்டைகள் வரிசையாகக் கிடப்பது தெரியும், அவை மிதந்து மேலே வந்துவிடாதபடி அழுத்திக்கொண்டிருக்கும் கம்பி வலை தெரியும், அந்த வலைக்கடியிலிருந்து, வலது ஓரத்துக் கட்டையிலிருந்து மட்டும், கடுகு கடுகாகக் குமிழ்கள் கிளம்பி மேலே வந்து உடைவது தெரியும்.

அப்பா செய்வது இந்த வேலைதான். பூசணம் பிடித்து உளுத்துப்போன மரத்தில்தான் அழகான கறுப்புக் கோடுகள் விழும். ஆனால் கையால் நசுக்கினால் ரஸ்க் மாதிரி உதிரும். அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. அப்பா அதை ரெசினில் முக்கி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி, அப்புறம் ஓவனில் சுட்டு எடுத்தால் கல்லாகிவிடும். கத்தி செய்கிறவர்கள் பிடி போட வாங்கிக்கொண்டு போவார்கள். "மரத்துக்குள்ள பாதி காத்துதான். அத வெளிய எடுத்தாதான் அந்த எடத்துக்கு வேற ஒண்ணு போகும்" என்பார், வருகிறவர்களிடமெல்லாம், என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி.

குமிழ் வருகிற வரை காற்று வெளியேறுகிறது. குமிழ் நின்றால் மரம் காலி. அப்போது பம்பை நிறுத்தி மூடியிலிருக்கும் வால்வைத் திறந்தால், வெளிக்காற்று உள்ளே இறங்கி அழுத்த, காலியான மரம் ரெசினைக் குடிக்கும். அவ்வளவுதான் விஷயம். பன்னிரண்டு வயதிலிருந்து பார்த்துப் பார்த்து அவளுக்கு அது பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது. இப்போது பதினாறு. அப்பா வெளியூர்ப் பொருட்காட்சிக்கு வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது "மேஸ்திரி பாத்துக்குவா" என்று பட்டறைச் சாவியை அவளிடம் எறிந்துவிட்டுப் போகிற அளவுக்கு ஆகிவிட்டது. மேஸ்திரி என்பது அவர் வைத்த பட்டப்பெயர். எல்லோரையும் விரட்டுவாளாம்.

அம்மா ரொட்டி ஆலையில் இரவு வேலைக்குப் போயிருந்தாள். பட்டறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு கதவு. அது ஒரு சாண் திறந்திருந்தது. அந்தச் சந்து வழியாகத் தம்பியின் மூச்சு வந்துகொண்டிருந்தது. ஏழு வயது. ஆள் சின்னதாக இருப்பதால் சுண்டு. பிறந்ததிலிருந்து இழுப்பு. உள்ளே இழுக்கும்போது துருப்பிடித்த கீல் மாதிரி ஈ... என்று ஒரு சத்தம், வெளியே விடும்போது பம்பரக் கயிறு அறுந்த மாதிரி ஒரு தளர்ச்சி. மூன்று வீடு தள்ளி நின்றாலும் அது அவன் மூச்சு என்று அவளால் சொல்லிவிட முடியும்.

போன் அடித்தது. அப்பா.

"என்ன மேஸ்திரி, தூங்கலியா?"

"நீங்கதான குமிழ் நிக்கற வரைக்கும் பக்கத்துலயே இருக்கச் சொன்னீங்க."

"இன்னுமா நிக்கல? மரத்த அவிச்சுக்கிட்டிருக்கியா என்ன?"

"நாலுல நின்னுடுச்சுப்பா. ஒண்ணே ஒண்ணுலதான்."

"ஈரம் இருந்தா அப்படித்தான். காத்தே இல்லாத எடத்துல தண்ணி சூடில்லாமலே கொதிக்கும். விடிய விடிய கொதிக்கும். ரெண்டாவது எடை பாத்தியா?"

"பாத்தேன்."

"ரெண்டும் ஒண்ணா இருந்துச்சா?"

"கட்டையிலயே எழுதிக்கூட வச்சிருக்கேன்."

எழுதி வைத்திருந்தது மட்டும் நிஜம்.

"அப்ப வளையத்துல லீக் இருக்கும். பம்புக் குழாய் வால்வ மூடிட்டு பம்ப நிறுத்து. மீட்டர் முள்ளு எறங்குதான்னு பாரு. சுண்டு எப்படி இருக்கான்?"

"இழுத்துக்கிட்டேதான் தூங்கறான். பத்து மணிக்கு மருந்து பஃப் குடுத்தேன்."

"சரி, நான் வண்டிய எடுக்கறேன். விடியறதுக்குள்ள வந்துடுவேன். பானை பத்திரம். அதவிட அவன் பத்திரம்."

லீக் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஈரம் என்றும் தெரியும். தெரியும் என்றுதான் இரண்டு மணி நேரமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மரத்தை ரெசினில் போடுவதற்கு முன்னால் ஒரு முழு நாள் ஓவனில் உலர்த்த வேண்டும். அப்பாவுக்கு அதில் ஒரு வழக்கம் உண்டு. கட்டையை எடை போட்டுப் பென்சிலால் அதன்மேலேயே எழுதுவார். திரும்ப ஓவனில் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடை போட்டு, முதல் எண்ணுக்குக் கீழே எழுதுவார். இரண்டு எண்ணும் ஒன்றாக வருகிற வரை விடமாட்டார். நேற்று மதியம் அவளுக்குப் பொறுமை இல்லை. தோழி வீட்டில் சினிமா பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சீக்கிரம் காயட்டும் என்று சூட்டை ஏற்றி வைத்துவிட்டுப் போனாள். வந்து பார்த்தால் ஒரு கட்டை நட்டநடுவில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

கத்திக்காரர் எண்ணி ஐந்து கேட்டிருந்தார். ஐந்தும் ஒரே மரமாக, ஒரே கோடாக வேண்டும் என்று. அது அப்பா வருஷக்கணக்காக வைத்திருந்த மாமரப் பலகை. அதில் கடைசித் துண்டுவரை அறுத்தாகிவிட்டது. அதே மரத்தில் மிச்சம் இருந்தது வீட்டில் ஒரே ஒரு சாமான்தான். பரணில் கிடந்த குழந்தைக் கட்டில். நாலு பக்கமும் சட்டம் அடித்து, அப்பா தன் கையாலேயே செய்தது. கூரை ஒழுகி ஒழுகி அதன் ஒரு பக்கம் பூசணம் பூத்து, அச்சு அசலாக அதே கறுப்புக் கோடுகள். பரணில் எலி இருக்கிறது, ஏறாதே என்று அம்மா எப்போதும் சொல்வாள். எலிக்குப் பயப்படுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது என்று ஏறினாள். மேல்சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கைவாளால் அறுத்தாள். துண்டின் ஒரு விளிம்பில் சின்னச் சின்னதாக நாலு பள்ளம், பக்கத்தில் பக்கத்தில். பல் தடம். அட, நான் கடித்தது என்று சிரித்துக்கொண்டாள். இரண்டே மணி நேரம் ஓவனில் காட்டிவிட்டு, ஒரு எடை பார்த்து, அதே எண்ணை ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முறை எழுதினாள்.

ஈரம்தான். வேறென்ன.

அப்பா சொன்னபடி வால்வை மூடிப் பம்பை நிறுத்தினாள்.

ஆறு மணி நேரமாகக் காதில் இருந்த இரைச்சல் சட்டென்று அறுந்ததும் பட்டறை ஒரு அடி பெரிதான மாதிரி இருந்தது. மரத்தூள் படிந்த டியூப்லைட்டின் முனகல் கேட்டது. குழாய்க்குள் எண்ணெய் ஒரு சொட்டு இறங்கியது. முள் அசையவில்லை. லீக் இல்லை. அந்த அமைதியில்தான், அதுவரை கண்ணுக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது முதல்முறையாகக் காதுக்கும் வந்தது: ரெசினின் மேல்பரப்பில் குமிழ்கள் உடையும் சத்தம், உதடு பிரிகிற மாதிரி மெல்லியதாக, ஒரு கொத்து, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு கொத்து.

கொதிக்கிற தண்ணீர் இடைவெளி விட்டா கொதிக்கும்?

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். ஒரு நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். முப்பத்தெட்டு. தன் மூச்சை எண்ணினாள்: பதினேழு. கதவுச் சந்தில் காதை வைத்துச் சுண்டுவினுடையதை எண்ணினாள்: இருபத்து நாலு. பள்ளிக்கூடத்தில் படித்தது வேண்டாத நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. கைக்குழந்தைகளுக்குத்தான் அவ்வளவு வேகம்.

குழாய் வால்வைத் திறந்து பம்பை மறுபடி போட்டாள். சத்தம் இருந்தால் தேவலை என்று இருந்தது.

பம்பின் பின்பக்கத்து ஓட்டை வழியாகத்தான் பானையிலிருந்து உறிஞ்சினதெல்லாம் வெளியே வரும். எப்போதும் சுட்ட எண்ணெய் வாடை அடிக்கும், தலை வலிக்கும், ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். இன்று அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. சுண்டுவுக்குப் பனிக்காற்று ஆகாது. அந்த எண்ணெய் வாடைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, மெல்ல, வெதுவெதுவென்று, முட்டி உயரத்தில் பரவிக்கொண்டிருந்தது. குனிந்து முகர்ந்தாள். பால். குடித்த வாயிலிருந்து வழிந்து கழுத்து மடிப்பில் காய்ந்த பால்.

பன்னிரண்டரைக்கு அம்மா கூப்பிட்டாள். தினமும் அந்த நேரத்தில்தான் டீ குடிக்க விடுவார்கள்.

"அவன் எப்படி இருக்கான்?"

"தூங்கறான்."

"சத்தம் வருதா?"

"வருது."

"வந்தா பயமில்ல. வரலன்னாதான் ஓடணும். நீ ஏன் ஒரு மாதிரி பேசற? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். அம்மா, பரண்ல இருக்கற குட்டிக் கட்டில்... அது என்னோடதுதான?"

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் குறைந்தது, அம்மா தள்ளி வந்திருந்தாள்.

"எதுக்கு இப்ப அது?"

"சும்மா."

"நடுராத்திரில சும்மா கேக்கற கேள்வியாடி இது? பரண் மேல ஏறினியா?"

"ஒரு சின்னத் துண்டுதாம்மா. மேல்சட்டத்துல. ஒரு கட்டை ஒடைஞ்சு போச்சு, அப்பா திட்டுவாருன்னு..."

"அடிப்பாவி."

இனித் திட்டு கொட்டும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கொட்டவில்லை. அம்மாவின் குரல் தாழ்ந்தது.

"நீ அதுல படுத்ததே இல்ல. உனக்கு அப்ப நாலு வயசு. அது பாப்பாவோடது."

பாப்பா. அவளுக்கும் சுண்டுவுக்கும் நடுவில் ஒன்று. பீரோவில் புடவைக்கடியில் ஒரு போட்டோ. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் போய்விட்டது என்றுதான், யார் சொன்னார்கள் என்று தெரியாமலே, நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசம். பல் மொளைக்கற நேரம். சட்டத்தக் கடிச்சுக்கிட்டே தூங்கிடுவா. அன்னைக்கும் பால் குடிச்சுட்டு நல்லாத்தான் தூங்கினா. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். நடுவுல ஒரு தடவ பெருசா மூச்சு விட்டா. எனக்குக் கேட்டுச்சு. அடுத்தத இழுப்பா, இழுப்பான்னு படுத்துக்கிட்டே காத்துக்கிட்டிருந்தேன்."

யாரோ பின்னால் அம்மாவை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

"இழுக்கல" என்றாள் அம்மா. "உங்கப்பாவால அத எரிக்கவும் முடியல, யாருக்கும் குடுக்கவும் முடியல. இன்னும் சில நாள் பரண் பக்கம் நின்னு காது குடுத்துக் கேப்பாரு. அந்தத் துண்ட எடுத்து, எடுத்த எடத்துலயே வை. அவர் வர்றதுக்குள்ள. கேட்டுச்சா?"

"சரிம்மா."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது கண்ணாடி மூடிக்குக் கீழே ஓரத்துக் கட்டையிலிருந்து ஒரு குமிழ் கிளம்பியது. இதுவரை வந்த கடுகுகள் மாதிரி இல்லை. உள்ளங்கை அகலம். வலைக் கம்பிகளில் பிதுங்கி, பிதுங்கினதைச் சேர்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் மேலே வந்து, உடைந்தது.

அப்புறம் ஒன்றும் இல்லை.

ஒரு நிமிஷம் பார்த்தாள். ஐந்து நிமிஷம் பார்த்தாள். ரெசின் கண்ணாடி மாதிரி நின்றது. ஐந்து கட்டைகளும் அடங்கிவிட்டன.

குமிழ் நின்றால் மரம் காலி.

அதை அப்படியே விட்டுவிட்டுத் தம்பியிடம் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் உடம்பு சொன்னது. ஆனால் அப்பா விடியுமுன் வந்துவிடுவார். நேராகப் பானைக்குத்தான் வருவார். பல் தடத்தைப் பார்த்துவிடுவார். துண்டை வெளியே எடுக்க வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும், உள்ளே காற்று இல்லாதவரை நாலு ஆள் சேர்ந்து இழுத்தாலும் மூடி வராது. வால்வைத் திறந்துதான் ஆக வேண்டும்.

பம்பை நிறுத்தினாள். மூடியின் வால்வைத் திருகினாள்.

உஸ்ஸ்... என்று காற்று உள்ளே இறங்கியது. எப்போதும் பத்து எண்ணுவதற்குள் முள் பூஜ்யத்துக்கு வந்து, சத்தம் அடங்கி, மூடி லேசாகிவிடும். முள் பூஜ்யத்துக்கு வந்தது.

சத்தம் அடங்கவில்லை.

பதினைந்து. இருபது. முப்பது. முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது, அந்த விரல்கடை வால்வு காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. மேசைமேல் படிந்திருந்த மரத்தூள் மெல்லிய கோடாக நகர்ந்து பானையை நோக்கி ஊர்ந்தது. ஜன்னல் திரை உள்பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. பானைக்குள் ரெசின் இறங்கிக்கொண்டிருந்தது. மரம் இவ்வளவு குடித்து அவள் பார்த்ததே இல்லை. ஒரு விரல். இரண்டு விரல். ஓரத்துக் கட்டையின் முதுகு ரெசினுக்கு மேலே தெரிந்தது. நாலு பள்ளம், ஈரமாக, மினுமினுவென்று.

ஒரே மூச்சு. பன்னிரண்டு வருஷமாக இழுக்காமல் விட்ட மூச்சு.

படுக்கையறைக் கதவு முனகியது. யாரும் தொடாமல், பட்டறைப் பக்கமாக, மெல்லத் திறந்தது. உள்ளிருந்து சுண்டுவின் இழுப்புச் சத்தம் வந்தது. ஈ... என்று. நீளமாக. அது உள்ளே போகிற சத்தம் இல்லை. அவனிடமிருந்து வருகிறது. தரையோடு. அவள் காலைக் கடந்து. மேசைக்கு. வால்வுக்கு.

பாய்ந்து திருகினாள். வழுக்கியது. மறுபடி திருகினாள். மூடிக்கொண்டது.

அமைதி.

பட்டறையில் அமைதி. படுக்கையறையிலும் அமைதி.

வரலன்னாதான் ஓடணும்.

ஓடினாள். விளக்கைப் போட்டாள். சுண்டு மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. போர்வையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சுண்டு! டேய்! டேய் சுண்டு!"

"லைட்ட அணை. கண்ணு கூசுது."

அவனை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"ஏன் அழற? அப்பாகிட்ட மாட்டிக்கிட்டியா?"

"ஆமாடா."

"நல்லா வேணும்" என்றான், உண்மையான சந்தோஷத்தோடு. "சூட்ட ஏத்தி வச்சுட்டு ஊர் சுத்தப் போனே இல்ல. நான் பாத்தேன்."

அவன் மார்பில் காதை வைத்தாள். இதயம் அடித்தது. டப் டப் என்று ஒழுங்காக அடித்தது. அது மட்டும்தான் அடித்தது. கீல் சத்தம் இல்லை. ஏறவில்லை. இறங்கவில்லை. அவள் கழுத்தில் பதிந்திருந்த அவன் மூக்கிலிருந்து சூடாகவோ குளிராகவோ எதுவும் வரவில்லை.

"மூச்சு விடு."

"விட்டேன்."

"இன்னொரு தடவ. பலமா." அவன் வாய்க்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்தாள்.

கன்னத்தை உப்பி, கண்ணை இடுக்கி, பலூன் ஊதுகிற மாதிரி ஊதினான். ஒரு மயிர்கூட அசையவில்லை.

பின்னால், பட்டறையில், யாரோ ஊதினார்கள்.

கட்டிலைவிட்டு இறங்கி நடந்தாள். கண்ணாடி மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது, ஒரு கைக்குட்டை அளவுக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கியது. மறுபடி விரிந்தது. சுருங்கும்போது ஈ... என்று துருப்பிடித்த கீல். விரியும்போது கயிறு அறுந்த தளர்ச்சி. கடிகாரத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. பார்த்தாள். இருபத்து நாலு.

"அக்கா, இங்க பாரேன்!" சுண்டு பின்னாலேயே வந்துவிட்டான். மர அடுக்கிலிருந்து கதவு வரை ஓடினான், திரும்ப ஓடிவந்தான், பலகைமேல் ஏறிக் குதித்தான். இப்படி ஓடினால் அவனுக்கு உதடு நீலம் பாரித்துவிடும். இன்று பாரிக்கவில்லை. "இழுக்கவே இல்லக்கா! நாளைக்கு கிளாஸ்ல நான்தான் பஸ்ட்டு!"

மூடிக்கடியில் பனி படபடவென்று விரிந்து சுருங்கியது. ஓடியவனுக்கு மூச்சு இரைத்தது. அங்கே.

மூடி இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒரு விரலால் தூக்கிவிடலாம். கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் தூக்கி அதன்மேல் வைத்தாள். சுத்தியல். சம்மட்டி. பெரிய இடுக்கி. திறந்தால் அவன் மூச்சு திரும்பி வருமா? வந்து அவனிடம் போகுமா, இல்லை ஜன்னல் சந்தில் போய்விடுமா? மரம் குடித்ததைத் திருப்பித் தந்ததாக அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. திருப்பித் தரக்கூடாது என்பதற்குத்தான் இந்த வேலையே. அடுத்தது ஓவன். உள்ளே போனது கல்லாகிற வரை சுடுவது.

அம்மாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எட்டு தடவை கூப்பிட்டாள். அப்பாவைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. சுண்டுவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பானைக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். அவன் அவள் மடியில் தூங்கிப்போனான். பனி நிதானமானது.

வண்டிச் சத்தம் கேட்டபோது ஜன்னல் சாம்பல் நிறமாகியிருந்தது.

"போன் வண்டிக்குள்ளயே கெடந்துச்சு, நான் வழியில சரக்கு எறக்கிக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அப்பா வந்தார். சுண்டு எழுந்து ஓடி அவர் கழுத்தில் தொங்கினான். "என்னடா, இழுப்பே காணோம்! மேஸ்திரி என்ன மருந்து குடுத்தா?" என்று அவனை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார். மூடியைப் பார்த்தார். "என்ன கூத்து இது? இவ்வளவு இரும்ப அடுக்கினா விரிசல் விட்டுடாது?"

"தொறக்காதீங்கப்பா."

"கத்திக்காரர் மத்தியானம் வந்துடுவாரும்மா. ஓவனப் போடு, போ." சம்மட்டியை எடுத்துக் கீழே வைத்தார்.

"அப்பா, சொல்றதக் கேளுங்க. நான் கட்டில அறுத்துட்டேன். பரண்ல இருந்த கட்டில்."

அவர் கை நின்றது. மெல்லக் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். பனி சுருங்கியது. நாலு பள்ளம் தெரிந்தது. பனி விரிந்தது. காதை மூடியில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். அவர் முகம் அவள் இதுவரை பார்க்காத முகமாக ஆனது. கண்ணீர் வழிந்து மூடியில் சொட்டியது.

"மூச்சு விடறாடி" என்றார். "கேளு. பாப்பா மூச்சு விடறா."

"அது பாப்பா இல்லப்பா! அது சுண்டு! அவன் மூக்குல கை வச்சுப் பாருங்க! அப்பா!"

அவருக்குக் கேட்கவில்லை. இரும்பை இரண்டு கையாலும் ஒரே தள்ளாகத் தள்ளினார். அவள் மூடிமேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். கன்னத்துக்குக் கீழே கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. அப்பா அவளைத் தோளைப் பிடித்து விலக்கினார். கோபமாக இல்லை. தூங்குகிற குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தையை விலக்குகிற மாதிரி, சத்தம் வராமல்.

"ஏன்க்கா சண்டை போடறீங்க?" என்று கதவோரம் நின்று சுண்டு சிரித்தான்.

மூடி எழுந்தது.

அப்பா பானைக்குள் முகத்தைக் கவிழ்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். உச்சியை முகர்வதுபோல நீளமாக, மார்பு விரிய விரிய, கடைசித் துளிவரை, இழுத்தார். இழுக்கும்போது அவர் தொண்டையில் ஈ... என்று ஒரு சத்தம் வந்தது.

அவள் கதவைப் பார்த்தாள். சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. சுண்டு நின்ற இடத்திலேயே நின்றான். வாய் மட்டும், சிரித்த அகலத்துக்கு, திறந்தே இருந்தது.